மாடிப்படிக்கு அடியில் ஒரு சிவப்பு அட்டை

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில், பிடி உடைந்த குக்கர், கம்பி நீட்டிய குடை, ஹாஸ்டலுக்குப் போன மகன் விட்டுப்போன கிரிக்கெட் மட்டை எல்லாவற்றுக்கும் பின்னால், ஒரு வேக்குவம் கிளீனர் ஒன்பது வருடமாக நின்றுகொண்டிருந்தது. வயிறு பெருத்த நீல நிற டிரம் மிஷின். அதன் வயரை அழகாகச் சுருட்டி, பிளக்கின் மூன்று காலையும் சேர்த்து நூலால் இறுக்கி, ஒரு சிவப்பு அட்டையைக் கட்டியிருந்தார் அண்ணி. கம்பெனிகளில் பழுதான மிஷினுக்குக் கட்டுகிற அட்டைதான். மேலே கொட்டை எழுத்தில் ‘தொடாதே’ என்று அச்சடித்திருக்கும். கீழே மூன்று வரிகள்: கட்டியவர், தேதி, காரணம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மிஷினை வெளியே இழுத்துத் தூசி தட்டியபோது அட்டை வெளிறிப்போய்ச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. அதைப் படிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவசரம் ஒன்று, ஒன்பது வருடப் பழக்கம் இன்னொன்று.

நான் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் தொழிலில் வேறு எந்த விதியை மீறினாலும் திட்டு வாங்கிக்கொண்டு தப்பிக்கலாம், சிவப்பு அட்டை விஷயத்தில் மட்டும் முடியாது. ஒரு மிஷினை நிறுத்தி அதற்குள் கையை விடுபவன் சுவிட்சில் தன் பெயரெழுதிய அட்டையைக் கட்டிவிட்டுத்தான் கையை விடுவான். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். மேனேஜரே வந்து நின்றாலும் அவிழ்க்கக் கூடாது. உள்ளே இருப்பது ஒருவனுடைய கை என்பதுதான் அதன் அர்த்தம். அந்தப் பழக்கம் எலும்பு வரை ஏறிவிட்டது. காரணம் எழுதாமல் ஆபரேட்டர்கள் கட்டிவிட்டுப் போகும் அட்டைகளை மட்டும் நான் விடமாட்டேன். ஆளைத் தேடிப் போய், “இன்னாப்பா, காரணம் எழுத கை வலிக்குதா?” என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர் உண்டு.

மிஷினை வெளியே இழுக்கவேண்டி வந்தது அண்ணியின் முட்டியால். அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. நெடுஞ்சாலையில் நடந்த ஒரு விபத்தில் அண்ணன் போனபோது அவர்களுக்குக் குழந்தை இல்லை. மண்ணூரிலிருந்து அவருடைய அம்மா வீட்டார் வந்து கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. வடக்குப்பட்டில் எங்கள் வீட்டிலேயே, எங்கள் மகனைத் தூக்கி வளர்த்துக்கொண்டு இருந்துவிட்டார். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. மூன்று மாதத்துக்கு முன் ஆபரேஷன் செய்து வலது முட்டியை மாற்றி வைத்தார்கள். டாக்டர் என்னையும் என் மனைவியையும் நிற்க வைத்துத் தெளிவாகச் சொன்னார். நடக்கலாம், நாற்காலியில் உட்காரலாம். தரையில் மட்டும் மண்டியிடக் கூடாது, குந்தக் கூடாது. மீறினால் செய்த வேலையெல்லாம் வீணாகிவிடும், மறுபடி கத்தி வைக்க இந்த உடம்பு தாங்காது. சரி சரி என்று மூன்று பேரும் தலையாட்டிவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்த இருபதாவது நாள், ஈரத் துணியோடு தரையில் மண்டிபோட்டபடி அண்ணியை என் மனைவி கண்டுபிடித்தாள். எழுந்திருக்க முடியாமல் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம். அடுத்த வாரம் மறுபடியும். கேட்டால் ஒரே பதில்தான். “கைய வச்சா வெள்ளையா கீதுமா. எப்டி பாத்துகினே பட்த்துக்கறது?”

அவர் சொன்னதிலும் பொய் இல்லை. எங்கள் ஊர்த் தூசியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கார்களைச் சுமந்துபோகும் நீண்ட டிரெய்லர்கள் ஒரு பக்கம், மண் லாரிகள் இன்னொரு பக்கம். எங்கேயாவது ஒரு கம்பெனிக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டே இருப்பார்கள். காலையில் துடைத்தால் மதியம் பூனை நடந்த தடம் தெரியும். வேலைக்கு ஆள் வைக்கலாம் என்றால் ஊரில் ஆள் கிடையாது. துடைப்பம் பிடிக்கத் தெரிந்த பெண்கள் எல்லோரும் கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங்குக்கு வேன் ஏறிவிடுகிறார்கள். கம்பு வைத்த மாப்பால் என் மனைவி துடைத்தால் அண்ணிக்குப் பிடிக்காது. வாயால் ஒன்றும் சொல்லமாட்டார். அவள் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குக் கிளம்பும் வரை காத்திருந்துவிட்டு, தரையில் இறங்கிவிடுவார். ஆகவே தூசியை முழுசாக உறிஞ்சுகிற ஒரு நல்ல மிஷின் வாங்கினால்தான் அந்த முட்டி பிழைக்கும் என்று முடிவுக்கு வந்தோம். முட்டியை மாற்றியாயிற்று, இனி மிஷினை மாற்றுங்கள் என்றாள் மனைவி. அவளுக்கும் அலுத்துவிட்டது.

மாற்றுவது அவ்வளவு சுலபமாக இல்லை. எங்கள் வீடு ஒரே மூச்சில் கட்டிய வீடு அல்ல. கையில் கொஞ்சம் சேர்ந்தபோதெல்லாம் ஒட்டுப்போட்ட வீடு. முன்னறையும் அண்ணியின் அறையும் அப்பா போட்ட சிவப்பு சிமென்ட் தரை. கூடத்தில் மொசைக். சமையலறையில் வழுவழு டைல்ஸ். மாடியில் மகனுடைய அறைக்கு, அவன் பிடித்த பிடிவாதத்தால், மரம் மாதிரி இருக்கும் பலகை. போதாததற்குக் கூடத்தின் நடுவில் மச்சினன் வளைகுடாவிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த கம்பளம். அறைக்கு அறை இரண்டு விரற்கடை உயரத்தில் நிலைப்படி வேறு. ஒவ்வொரு தரைக்கும் ஒவ்வொரு குணம். சிவப்புத் தரை எதையும் மறைக்காது, ஒரு சிட்டிகை மாவு விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். மொசைக் அதற்கு நேர் எதிர், பாதி ஊரை உள்ளே ஒளித்துவைத்துக்கொண்டு சுத்தமாக இருப்பது போல் சிரிக்கும். டைல்ஸுக்கு இடுக்கில்தான் அழுக்கு. பலகைக்குத் தண்ணீர் ஆகாது. கம்பளத்தைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது.

கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். கம்பளத்துக்கு உருளும் பிரஷ் வேண்டுமாம், அதே பிரஷ் பலகையைக் கீறிவிடுமாம். பேட்டரியில் ஓடுவது கைக்கு லேசு, ஆனால் கூடம் முடிவதற்குள் மூச்சு வாங்கிவிடுமாம். தானே சுற்றி வருகிற வட்ட மிஷினை ஒரு கடையில் ஓட்டிக் காட்டினார்கள். கடையில் வேலை பார்த்தவர் தென்காசிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். “வீட்டுல நிலைப்படி இருக்காண்ணே? அப்பம் இது சரிப்படாது. ரெண்டு ரூமுக்கு நடுவுல முட்டிக்கிட்டு நிக்கும், நீங்கதான் தூக்கி விடணும்” என்று உள்ளதைச் சொன்னார். முட்டிக்கொண்டு நிற்கிற ஒருவர் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று வாரம், நாலு கடை. எதைப் பார்த்தாலும் அண்ணி இதை ஒப்புக்கொள்வாரா என்ற கேள்வியில் வந்து நின்றுவிடும். தூசி விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது. அதுதான் அவருடைய வேலையாக இருந்தது.

அண்ணன் போன அடுத்த வருடம் அவர் ஒரு கார் கம்பெனியில் காண்ட்ராக்ட் முறையில் சேர்ந்தார். பெயின்ட் ஷாப்பில் சுத்தம் செய்கிற குழு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது பெருக்கித் துடைக்கிற வேலை. உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஈரமான பெயின்ட்டில் ஒரே ஒரு தூசி உட்கார்ந்துவிட்டால் காரின் கதவு முழுவதையும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். அதனால் அங்கே நுழைகிறவர்கள் பவுடர் போடக் கூடாது, தலையில் பூ வைக்கக் கூடாது, எண்ணெய் பளபளக்க வாரக் கூடாது. கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடை. அண்ணி வாரத்தில் ஒரே நாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும், கனகாம்பரம் வைத்துக்கொள்வார். வேலைநாளில் யாராவது கல்யாண வீட்டில் பூ நீட்டினால், “வாணாம்மா, டூட்டி கீது” என்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். அங்கே துடைப்பம் என்ற பேச்சே கிடையாது. வேக்குவம், அதற்குப் பிறகு பிசிர் இல்லாத துணி, கடைசியில் வெள்ளைக் கையுறை போட்ட உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது. வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. போகிறபோக்கில் டிவியின் தலையைத் தடவும், ஜன்னல் கட்டையைத் தடவும். நான் ஒருமுறை தூசியை வாயால் ஊதித் தள்ளியதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது நினைவிருக்கிறது. “தூசிய தள்ளக் கூடாது தம்பி, புடிக்கணும். தள்னா எங்கனா போய் குந்திக்கினு நாளிக்கு வரும்.”

எங்கள் மகனுக்கு எட்டு வயதில் வீசிங் வந்தது. இழுத்து இழுத்து மூச்சு விடுவான், பார்க்க முடியாது. பெருக்கினாலே பையனுக்கு ஆகாது, தூசி கிளம்பக் கூடாது என்றார் டாக்டர். அண்ணி வேலை செய்த இடத்தில் பழைய மிஷின்களைக் கழித்துக்கட்டும் சமயம் அது. ஊழியர்கள் கேட்டால் கொடுப்பார்கள். கேட்டு வாங்கி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு அந்த நீல டிரம்மை வீட்டுக்குக் கொண்டுவந்தார். இறக்கியபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு எந்தச் சந்தர்ப்பத்திலும் பார்த்ததில்லை. அவருக்குப் பெரும்பாலும் மதிய ஷிஃப்ட். காலை வேளை வீட்டில்தான் இருப்பார். ஒன்பது மணிக்கு மிஷினைப் போட்டால் அறை அறையாக இழுத்துக்கொண்டு போவார். அதற்கு ஒரு சத்தம் உண்டு. கட்டடத்தையே தூக்கிக்கொண்டு பறந்துவிடும் போலிருக்கும். லீவு நாட்களில் மகன் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். நாலு மாதத்தில் அவனுடைய இழுப்பு பாதியாகக் குறைந்தது.

இங்கே எங்கள் தெரு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நைட் டூட்டி பார்த்தவர் தூங்குகிற வீட்டு கேட்டில் ஒரு துண்டு கட்டியிருக்கும். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது, எங்கள் பக்கத்தில் பாதி வீட்டுக்கு இது உண்டு. துண்டைப் பார்த்தால் காய்கறி வண்டிக்காரர் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுத்தான் கடப்பார். கொரியர்காரர் பெல் அடிக்காமல் போன் பண்ணுவார். நான் இரவு வேலையான சி ஷிஃப்ட் போகிற வாரத்தில் எங்கள் கேட்டில் துண்டு கட்டுவது அண்ணிதான். குக்கர் விசில், மிக்ஸி எல்லாம் நான் வீட்டுக்கு வரும் ஏழரைக்குள் முடிந்துவிடும். அந்த வாரங்களில் வேக்குவத்தை நான் படுத்திருந்த முன்னறைக்கு எட்டாத மாதிரி, கதவுகளைச் சாத்திக்கொண்டு, சமையலறையிலும் மாடியிலும் மட்டும் ஓட்டுவார். ஓட்டாமலும் இருக்க முடியாது, பையனுக்கு மூச்சு.

அந்த வாரம் எங்கள் லைனில் பெரிய பிரஸ் ஒன்று படுத்துவிட்டது. இரண்டு நாள் நான் வீட்டுக்கு வந்ததே ஓரிரு மணி நேரத்துக்குத்தான். மூன்றாம் நாள் காலை, மாடியில் இருந்த அண்ணிக்குத் தெரியாமல் வந்து விழுந்தேன். கண் சொருகிய நேரத்தில் அந்த ஊளை ஆரம்பித்தது. நான் எழுந்து போய்ப் பேசியதை இப்போதும் ஒரு வார்த்தை குறையாமல் சொல்ல முடியும். “மனுசன் தூங்கறதா வாணாமா? இது வூடா, பேக்டரியா? கம்பெனில கூட்டிப் பெருக்கறது பத்தலையா உனுக்கு? தூக்கி வெளிய போடு அந்த எழவ!” அண்ணியை நான் அதுவரை நீ என்று சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். அவர் மிஷினை நிறுத்தினார். பாதி உறிஞ்சிய கூடத்தில், கையில் பைப்போடு நின்றுகொண்டு, “சரி தம்பி, போய்ப் பட்த்துக்கோ” என்றார். நான் போய்ப் படுத்து நன்றாகத் தூங்கினேன்.

மாலையில் எழுந்தபோது மிஷின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. பிளக்கில் சிவப்பு அட்டை. அன்றிரவு மதிய ஷிஃப்ட் முடிந்து வந்த அண்ணியிடம் மனைவி கேட்டபோது, “ரிப்பேர்மா. நின்னுட்ச்சி” என்றாராம். மறுநாளிலிருந்து அவர் ஈரத் துணியும் வாளியுமாகத் தரையில் இறங்கினார். மாப்பு தூசியை இழுத்துக்கொண்டு போய் மூலையில் சேர்த்துவிடும், துணிதான் பிடிக்கும் என்பது அவர் கட்சி. சிவப்புத் தரையில் பின்னோக்கி நகர்ந்துகொண்டே துடைப்பார். மொசைக்கை இரண்டு முறை. டைல்ஸ் இடுக்குக்குத் துணியின் முனையை விரலில் சுற்றிக்கொள்வார். பலகைக்கு, சொட்டு விழாமல் முறுக்கிப் பிழிந்த துணி. கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டு மொட்டை மாடிக்குத் தூக்கிப் போவார். சத்தமே இருக்காது. வாளியைக்கூட நகர்த்தமாட்டார், தூக்கித்தான் வைப்பார். இதெல்லாம் முடித்துக் குளித்துவிட்டு, அங்கே போய் இன்னொரு எட்டு மணி நேரம் அதே வேலை. மூன்று வருடத்துக்கு முன் கம்பெனியிலிருந்து நின்ற பிறகும் வீட்டில் நிற்கவில்லை.

“ஏங்க, ஊரு மிஷினையெல்லாம் பாக்கறீங்க, அந்த மிஷினக் கொஞ்சம் பாக்கக் கூடாதா?” என்று மனைவி இரண்டு மூன்று முறை கேட்டிருக்கிறாள். அண்ணி சிவப்பு டேக் கட்டியிருக்கிறார், அவர்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். விதியை மதித்தேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உண்மை அதுவல்ல. எனக்கு அந்த அமைதி வசதியாக இருந்தது. பழுது என்ன என்று கேட்டால் சரிசெய்ய வேண்டிவரும், சரிசெய்தால் மறுபடி ஓடும். கம்பெனியில் எந்த மூலையில் எந்த பேரிங் முனகினாலும் ஓடிப்போய்க் காது வைக்கிறவன், சொந்த வீட்டில் ஒரு மிஷின் ஏன் நின்றது என்று ஒன்பது வருடம் கேட்கவில்லை.

கடைசியில் அந்தத் தென்காசிக்காரர் கடையில் எக்ஸ்சேஞ்ச் போட்டார்கள். எந்த நிலையில் இருந்தாலும் பழைய மிஷினைக் கொண்டுவாருங்கள், கழித்துக்கொள்கிறோம் என்றார். தரைக்கு ஒன்று, கம்பளத்துக்கு ஒன்று என்று முனை மாற்றிக்கொள்கிற ஒரு மிஷினை மனதுக்குள் குறித்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீல டிரம்மை ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு போனேன். கடையின் பின்பக்கத்தில் இருந்த மெக்கானிக் சம்பிரதாயத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கட்டரை எடுத்து அட்டையின் நூலில் வைத்தார். என் கை தானாகப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

“வெட்டாதீங்க. கட்டுனவங்கதான் அவுக்கணும்.”

“இன்னா சார் நீ, குப்பைக்குப் போற மிஷினு.”

எனக்கே கூச்சமாக இருந்தது. அப்போதுதான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். கட்டியவர்: அண்ணியின் பெயர், அவருடைய குண்டு குண்டான எழுத்தில். தேதி இருந்தது. காரணம் என்ற வரி காலியாக இருந்தது. ஆபரேட்டர் யாராவது இப்படிக் கட்டியிருந்தால் அன்றைக்கு அவன் மானத்தை வாங்கியிருப்பேன். அண்ணிக்குப் போன் போட்டேன்.

“அத்த ஏன் தம்பி தூக்கிகினு போன?” என்றார்.

“எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்கறாங்க அண்ணி. ஓட்டிப் பாக்கணுமாம். டேக்க அவுக்கட்டுமான்னு கேக்கத்தான்.”

“ஓட்டியெல்லாம் பாக்க வாணாம். அப்டியே குட்த்துட்டு வந்துடு.”

“கட்டுனது நீங்கதானே அண்ணி, நீங்க சொன்னாத்தான்...”

மெக்கானிக்குக்குப் பொறுமை போய்விட்டது. நூலை வெட்டிப் பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டார். அந்த ஊளை கடையைத் தூக்கியது. முன்பக்கம் ஃபிரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. என் காது அதுவாகக் கேட்டுப் பார்த்தது: பேரிங் சுத்தம், அதிர்வு இல்லை, மோட்டார் சீராக ஏறி சீராக நின்றது. பழுது எதுவும் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. போன் இன்னொரு காதில் இருந்தது. அங்கேயும் அது கேட்டுக்கொண்டிருந்தது.

“நிறுத்தச் சொல்லு தம்பி” என்றார் அண்ணி. “கடைல பத்து பேரு இருப்பாங்க, தொந்தரவு.” போனை வைத்துவிட்டார்.

மெக்கானிக் மேல்மூடியைக் கழற்றி மோட்டாரின் கரித்துண்டுகளை எடுத்துக் காட்டினார். ஓட ஓடத் தேய்கிற பாகம் அது. “புச்சா கரி மாத்தினப்பறம் தேயவே இல்ல பாரு சார். நாலு அஞ்சு மாசம் ஓட்டிருப்பியா? இத்தப் போய் குடுக்கறேன்ற” என்றார். நான் கொடுக்கவில்லை. புதியது எதையும் வாங்கவும் இல்லை. வெட்டிய நூலோடு அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டிரம்மை மறுபடி கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் வண்டியை ஓரங்கட்ட வேண்டியிருந்தது. டிரெய்லர்கள் போய்க்கொண்டிருந்தன. கண்ணில் ஒன்றும் வரவில்லை, வெட்கமாகத்தான் இருந்தது. முட்டி தேய்ந்தது வயசால் என்று டாக்டரிடம் நான்தான் சொன்னேன். டாக்டரும் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “எங்கிட்டயும் ரிப்பேர்னுதாங்க சொன்னாங்க” என்றாள். பிறகு, “கேட்டிருக்கணும்” என்றாள். என்னைச் சொன்னாளா, தன்னையா என்று தெரியவில்லை. அண்ணி தூங்கிக்கொண்டிருந்தார். இரவெல்லாம் முட்டி வலியில் விழித்துக் கிடந்துவிட்டு, மாத்திரை போட்டால் பகலில்தான் இரண்டு மணி நேரம் கண்ணயர்வார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கட்டிலைச் சுற்றிச் சிவப்புத் தரையில் காலையிலிருந்து இறங்கிய தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது. கண் விழித்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார். பார்த்தால் இறங்கிவிடுவார்.

மிஷின் கூடத்தில் இருந்தது, ஓடுகிற மிஷின். பிளக்கைக் கையில் எடுத்தேன். அதைப் போட்டால் இவர் எழுந்துவிடுவார். பிளக்கைக் கீழே வைத்துவிட்டு, வெளியே போய் கேட்டில் துண்டைக் கட்டினேன். காய்கறி வண்டிக்காரர் ஸ்பீக்கரை அணைத்துக்கொண்டே, “இன்னா சார், சண்டேல கூட நைட்டா?” என்றார். “அண்ணி தூங்கறாங்க” என்றேன். உள்ளே வந்து வாளியில் தண்ணீர் பிடித்தேன், குழாயை முழுக்கத் திறக்காமல். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணி அறையின் கதவோரத்தில் மண்டி போட்டேன். ஐம்பது வயதில் முதல் தடவையாக அப்பா போட்ட தரை எவ்வளவு கெட்டி என்று தெரிந்தது. நாலாவது இழுப்பில் இடுப்பு பிடித்தது. பின்னோக்கி நகரவேண்டும் என்பது பாதி அறை துடைத்து, அதன் மேலேயே மண்டி போட்ட பிறகுதான் புத்திக்கு வந்தது.

“இன்னா தம்பி பண்ற?”

எப்போது விழித்தார் என்று தெரியவில்லை. தலையணையில் ஒருக்களித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தொடைக்கறேன் அண்ணி.”

“அதான் மிஷினு கீதே. கடைல ஓட்ச்சே.”

“ரிப்பேர் அண்ணி. வர்ற வழில நின்னுட்ச்சி.”

அண்ணி என்னைப் பார்த்தார். அவர் ஏதாவது சொல்லிவிட்டால் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. அவர் சொன்னதெல்லாம் இதுதான்: “கட்டிலுக்கு அடில வுட்டுட்ட பாரு.” சொல்லிவிட்டு மெதுவாக முட்டியை நகர்த்தி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்தேன்.

அன்றிலிருந்து அண்ணியின் அறையும் முன்னறையும் என் பொறுப்பு, மற்றது மனைவியுடையது. சி ஷிஃப்ட் முடிந்து வருகிற நாட்களில் படுப்பதற்கு முன் துடைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். மூலையில் விட்டுவிடுகிறேன் என்று இன்னமும் குறை இருக்கிறது. ஆனால் அவர் தரையில் இறங்குவதில்லை. போனில் அந்த வீடியோக்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன, எல்லாத் தரைக்கும் ஏற்றது என்று. பார்க்காமல் தள்ளிவிடுகிறேன். அவருக்கு இரவுத் தூக்கம் திரும்பியதும் நீல டிரம்மையே ஓட்டலாம். அதுவரை அது மாடிப்படிக்கு அடியில் இருக்கட்டும் என்று மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு புது அட்டை கொண்டுவந்து பிளக்கில் கட்டினேன். கட்டியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். தேதி போட்டேன். காரணம் என்ற வரியில் பேனாவை வைத்துவிட்டு, எழுதாமல் எடுத்துவிட்டேன்.